அரைக் குளிசை

அன்றைக்கு வாய்க்கால் கரையில் நின்றவர்கள் ஆறு பேர். நீர்ப்பாசன ஓவசியர் பரமலிங்கம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் பயிர்ச்செய்கைக் குழுவின் செயலாளருமான ஐயாத்துரை மாஸ்டர், நட்டப்பட்ட காணிக்காரர் அப்புத்துரை, அவருடைய பெண்சாதி விமலேஸ்வரி, வீரகத்தி, வீரகத்தியின் கடைசி மகள் கமலாசனி. இந்த ஆறு பேரைத் தவிர ஒரு குருவிகூட அங்கே இல்லை. பிறகு வட்டக்கச்சி முழுவதும் நேரில் நின்று பார்த்தது போலக் கதைத்தது என்றால், அதற்கு அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பொறுப்பு.

அறுபத்து நாலாம் ஆண்டு வைகாசி. சிறுபோகம். மழையை நம்பாமல் இரணைமடுக் குளத்தை நம்பி விதைக்கிற காலம். குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்றைக்கு இன்னாருக்கு, நாளைக்கு இன்னாருக்கு என்று நாள் குறித்திருக்கும். அப்புத்துரை முளைகட்டிய நெல்லைச் சேற்றில் விதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வேளையில் வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றது. கிளை வாய்க்காலின் பலகைக் கதவை யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள். முளை நெல்லெல்லாம் மிதந்து போய் வயலின் ஒரு மூலையில் பாய் விரித்தது போல ஒதுங்கிக் கிடந்தது.

தூக்கியது யார் என்று விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. கமலாசனி முழங்கால் வரை சேறும், பலகையின் இரும்பு வெட்டிய பாதத்தில் இரத்தமுமாக நின்றாள். ஒன்பது வயது. உள்ளங்கையில் ஒரு தவளைக்குஞ்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை கதவைத் தூக்கினனி?" என்று ஓவசியர் கேட்டார்.

"தண்ணி எந்தப் பக்கத்தாலை சுத்தி வரும் எண்டு பாக்க."

"பாத்தால் திருப்பி மூடிறதில்லையோ?"

"மூடத்தான் வந்தனான். அதுக்குள்ளை ஒரு கீரி ஓடினது."

ஓவசியருக்குச் சிரிப்பு வந்தது. வீரகத்தியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

வீரகத்தியின் நிலையைச் சொல்ல வேண்டும். சட்டம் மாறிக் குழுக்கள் வருவதற்கு முன்னர் பன்னிரண்டு வருடம் அந்தப் பக்கத்துக்கு அவர்தான் வட்டவிதானை. எந்தக் காணிக்கு எந்த நாள் தண்ணீர் என்று தீர்ப்பது அவர் வாய்ச்சொல். சொந்த மைத்துனர் முறை தவறித் தண்ணீர் கட்டியபோது, ஊர் பார்க்க அவருடைய வரம்பைத் தன் கையாலேயே மூடியவர். பதவி போய் ஆறு வருடமாகியும் ஊர் அவரை விதானையார் என்றுதான் அழைத்தது. வெள்ளை வேட்டி, தோளில் மடித்த சால்வை, அளந்த பேச்சு. இப்போது அவருடைய பிள்ளையே கதவைத் தூக்கிவிட்டு நிற்கிறது.

"ஊர்த் தண்ணிக்குப் பன்னிரண்டு வரியம் காவல் இருந்தனீங்கள், விதானையார்," என்றார் அப்புத்துரை. "வீட்டுக்குள்ளை உடைப்பெடுத்தது தெரியேல்லைப் போலை."

"கதையை நிப்பாட்டும், அப்புத்துரை," என்றார் வீரகத்தி. "என்ரை முறை ரண்டும் உம்மடை காணிக்கு. திருப்பி விதைக்க நெல் என்ரை வீட்டிலையிருந்து வரும். ஓவசியர், எழுதிக்கொள்ளும்."

தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு முறை தண்ணீர் விட்டுக்கொடுத்தால் அவருடைய மேட்டுத் துண்டு காய்ந்துவிடும் என்பது நின்ற எல்லோருக்கும் தெரியும்.

விமலேஸ்வரி மட்டும் விடவில்லை. "நட்டம் கிடக்கட்டும் அண்ணை. இது குழப்படியில்லை. பிள்ளையை ஏதோ தொட்டிருக்கு. முத்தவிட்டியளெண்டால் பிறகு கொழும்பு விசர் ஆசுப்பத்திரிதான்."

"எங்கடை பரம்பரையிலை விசர் இல்லை," என்றார் வீரகத்தி.

ஐயாத்துரை மாஸ்டர் அவரைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். அதனால்தான் மெதுவாகச் சொன்னார்.

"விதானையார், கோவிக்கக் கூடாது. ஒரு வகுப்பிலை நாப்பத்திரண்டு பிள்ளையள். உங்கடை பிள்ளை ஒரு கணக்கைத் துவங்குவாள். பாதியிலை வெளியிலை ஆட்டு மணி கேட்டால் யன்னலாலை போயிடுவாள். அடிச்சும் பாத்தாச்சு. கெட்டிக்காரி, இல்லையெண்டேல்லை. ஆனால் மற்றப் பிள்ளையளின்ரை தாய் தகப்பன் ஒவ்வொரு நாளும் என்ரை வாசலிலை. ஆவணிப் பள்ளிக்கூட விடுதலை மட்டும் பாப்பம். அதுக்குப் பிறகும் உப்பிடியெண்டால் இடாப்பிலை பேரை வெட்டுறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை."

பேரை வெட்டினால் என்ன நடக்கும் என்று வீரகத்திக்கு விளங்கியது. பள்ளிக்கூடம் ஏற்க மறுத்த பிள்ளை என்றால், விமலேஸ்வரி சொன்ன சொல்லுக்கு அரசாங்கமே முத்திரை குத்தியது போலாகும். அந்தச் சொல் பிறகு அந்தப் பிள்ளை சாகும் வரைக்கும் கூடவே நடக்கும்.

பாதத்தில் காயம் ஆழம். சைக்கிள் பாரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போனார்.

அங்கே அப்போது புதிதாக வந்திருந்தவர் டொக்டர் ஞானமலர். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை வைத்திருக்கும் சூசைப்பிள்ளையின் மகள். லண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு வருடம் பயின்று வந்தவர். வீரகத்தி சூசைப்பிள்ளையின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். கடற்கரையாரின் மகள், அதிலும் முப்பது வயதுப் பெண், தன் பிள்ளைக்கு ஊசி பிடிப்பது அவருக்கு முதலில் அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

ஐந்து தையல். கமலாசனி அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு நேரம் இருக்கவில்லை. தையல் போட்டு முடிவதற்குள் பஞ்சுப் போத்தலைத் திறந்தாள், கத்தரிக்கோல் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டாள், பதில் வருமுன் தண்ணீர்க் குழாயைத் திருகினாள், சுவரில் ஊர்ந்த பல்லிக்குப் பெயர் வைத்தாள்.

டொக்டர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே தைத்தார். பிறகு வீரகத்தியிடம் கேட்கத் தொடங்கினார். சாப்பாட்டில் கடைசி வரைக்கும் இருப்பாளோ? ஒரு சாமான் எடுத்துவா என்றால் எடுத்துவருவாளோ, வழியில் மறப்பாளோ? நாலு வயதிலும் இப்படித்தானோ? நித்திரையில்? கோபக்காரியோ?

"கோவமே இல்லை," என்றார் வீரகத்தி. "மனசிலை கள்ளமும் இல்லை. இருக்கத்தான் தெரியாது."

"ஐயா, இது பேயும் இல்லை, விசரும் இல்லை. வளர்த்த பிழையும் இல்லை."

கடைசிச் சொல்லுக்கு வீரகத்தி நிமிர்ந்து பார்த்தார். அதுவரைக்கும் ஊரில் ஒருவரும் அதை அவருக்குச் சொன்னதில்லை.

"லண்டனிலை இப்பிடிப் பிள்ளையள் கனபேரைப் பாத்தனான். இதுக்கு ஒரு மருந்துக் குளிசை இருக்கு. கொழும்பிலையிருந்து எடுப்பிக்க வேணும். ரண்டு கிழமையாலை வாங்கோ."

இரண்டு கிழமைக்குப் பின் வீரகத்தி தனியாகப் போனார். ஒரு சின்னப் போத்தல், வெள்ளைக் குளிசைகள். காலையில் அரைக் குளிசை, ஒரு நாளைக்கு ஒரு முறை. டொக்டர் அன்று நோயாளர் நெருக்கத்தில் அவ்வளவுதான் சொன்னார். போத்தலை எடுத்துக் கொடுத்த மருந்து கலக்கிறவர் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"ஆருக்கு ஐயா இது? பிள்ளைக்கோ? இது நித்திரையை விரட்டுற மருந்தெல்லோ. லொறி ஓடுறவங்கள் களவாய்த் தேடுற சாமான்."

வீரகத்தி சைக்கிளை உருட்டினார். ஓட்டம் நிற்காத பிள்ளைக்கு விரட்டுகிற மருந்தா? எரிகிற அடுப்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுகிறாளே இந்தப் பெண்! படித்தவர்கள் பிழை விடமாட்டார்களா என்ன? தன் பிள்ளையின் வாய்க்குள் போகிற எதுவும் முதலில் தன் வாய்க்குள் போய் வரட்டும் என்று முடிவு செய்தார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அரை என்றால் ஐம்பது வயது ஆம்பிளைக்கு மூன்று குளிசையாவது வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

மறுநாள் விடிந்ததும் மூன்று குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

ஒரு மணித்தியாலத்தில் நாக்கு வறண்டது. நெஞ்சு விரைந்து அடித்தது. கை சும்மா இருக்க மறுத்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். இரண்டு ஏக்கரின் வரம்பு முழுவதையும் செதுக்கிச் சேறு பூசி ஒப்பனை செய்தார். அது முடிந்தும் கை அடங்கவில்லை. எல்லையில் அப்புத்துரை பக்கத்து வரம்பையும் அதே கையோடு கட்டிவிட்டார். அப்புத்துரை தூரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நினைவே வரவில்லை. அந்த வழியால் வந்த ஓவசியரை மறித்து, வாய்க்காலில் மண் படிந்திருப்பதைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார். வருடக் கணக்கில் பழகியும் அவரிடம் பத்துச் சொல்லுக்கு மேல் கேட்டிராத பரமலிங்கம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். பின்னேரம் வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்றாள் அவருடைய மனைவி இராசேஸ்வரி. "பிள்ளை பாவம் ஒரு பக்கத்திலை இருந்து உங்களைப் பாக்குது."

அன்று இரவு அவருக்குக் கண் மூடவில்லை. விடிந்ததும் போத்தலைச் சால்வையில் முடிந்துகொண்டு கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர்தான்," என்றார் டொக்டரிடம், கதிரையில் இருக்காமலே. "ஆனால் இதிலை பிழை விட்டிட்டீர். இது ஆளை ஓட வைக்கிற மருந்து. நான் விழுங்கிப் பாத்தனான்."

"எத்தினை விழுங்கினீங்கள்?"

"மூண்டு."

"நான் எத்தினை சொன்னனான்?"

"அரை. அது சின்னப் பிள்ளைக்கு. நான் ஆம்பிளை."

டொக்டர் ஞானமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலில் அவருடைய நாடியைப் பிடித்தார், பிறகு கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்து முடித்தபின் கதிரையைக் காட்டினார். வீரகத்தி இருந்தார்.

"ஐயா, நீங்கள் விதானையாய் இருந்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். நான் கடற்கரையிலை பிறந்தவள், எனக்கு வாய்க்கால் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ. குளத்தைத் திறக்கிற துருசிலை காவல் இருக்கிறவன் நித்திரை கொண்டிட்டான். தண்ணி என்ன செய்யும்?"

"எல்லா வாய்க்காலிலையும் ஒரே நேரத்திலை பாயும். வேண்டாத காணியிலை நிக்கும். கடைசிக் காணிக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது."

"பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"தண்ணி கூடிப்போச்சு எண்டு கத்தும்."

"அப்ப நீங்கள் என்ன செய்வியள்? குளத்தை வத்த வைப்பியளோ?"

"குளத்தை ஏன் வத்த வைக்கிறன்? காவல்காரனை எழுப்புவன்."

சொல்லிவிட்டு வீரகத்தி சால்வையில் முடிந்திருந்த போத்தலைத் தொட்டுப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே ஒரு மாட்டுவண்டி போய் மறைந்தது.

"உங்கடை பிள்ளைக்கு ஓட்டம் கூட எண்டில்லை," என்றார் டொக்டர். "'பொறு, இதை முடிச்சிட்டு அதைப் பார்' எண்டு சொல்லுற காவல்காரன் ஒருத்தன் எங்கள் எல்லாருக்கும் நெத்திக்குப் பின்னாலை இருக்கிறான். அவளின்ரை ஆள் அரை நித்திரை. அதாலை கீரி ஓடினாலும், ஆட்டு மணி கேட்டாலும், மாஸ்டர் கதைச்சாலும் எல்லாம் ஒரே அளவிலை உள்ளை வருது. இந்தக் குளிசை அவளை எழுப்புறேல்லை. அவனை எழுப்புது."

"எப்பிடி எழுப்புது?"

"மூளையிலை நரம்புகள் ஒண்டோடை ஒண்டு முட்டிக்கொண்டு இருக்கிறேல்லை. நடுவிலை ஒரு இடைவெளி, மயிரிழையிலும் மெல்லிசு. ஒரு நரம்பு அடுத்ததுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு சாறாய்ச் சுரந்து அந்த இடைவெளியிலை விடும். அடுத்தது அதை வாங்கி விளங்கிக்கொள்ளும். சொன்ன நரம்பு மிச்சத்தைத் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சாறுகளிலை ஒண்டுக்குப் பேர் நோரட்ரினலின், இன்னொண்டு டோபமீன். அந்தக் காவல்காரன்ரை பக்கத்திலை இந்தச் சாறு போதாமல் இருக்கு எண்டு நினைக்கினம். குளிசை போனால் அது கூடச் சுரக்கும், கெதியாய் உறிஞ்சப்படாது. சொன்ன சொல் அடுத்த நரம்புக்கு வடிவாய்க் கேக்கும்."

"நினைக்கினமோ, தெரியுமோ?"

நல்ல கேள்வி என்பது போல டொக்டர் தலையசைத்தார். "சாறைப் பற்றி ஆராய்ச்சி இப்பதான் நடக்குது. முழுக்கத் தெரிஞ்ச ஆள் உலகத்திலை ஒருத்தரும் இல்லை. ஆனால் குளிசை இப்பிடிப் பிள்ளையளை இருத்துறதை யுத்தத்துக்கு முன்னமே கண்டிட்டினம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் உப்பிடி வந்தது?"

"வயலிலை கணுக்கால் அளவு தண்ணி நிண்டால் பயிர் வளரும். வரம்புக்கு மேலை போனால்?"

"வரம்பை உடைக்கும்."

"உங்கடை காவல்காரன் ஏற்கெனவே முழிப்பு. அவனுக்கு மேலை ஆறு பங்கு ஊத்தினீங்கள். இனி விழுங்கக் கூடாது, விளங்குதோ? உங்கடை வயசுக்கு நெஞ்சு தாங்காது."

வீரகத்தி எழுந்தார். கதவடியில் நின்று திரும்பினார். "வாறன், டொக்டர்," என்றார். வந்தபோது பிள்ளை என்று அழைத்தவர்.

முதல் அரைக் குளிசையை ஒரு சனிக்கிழமை கொடுத்தார்கள். பத்து மணி போல இராசேஸ்வரி சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தாள். வழக்கமாக நாலு கல் எடுப்பாள், சுளகு குசினி வாசலில் அநாதையாகக் கிடக்கும், கோழி வந்து மிச்சத்தை முடிக்கும். அன்று அரை மணித்தியாலம் கழித்து இராசேஸ்வரி எட்டிப் பார்த்தபோது பிள்ளை அதே இடத்தில் இருந்தது. நித்திரை முகமில்லை. கண் தெளிவாக இருந்தது. கல்லெல்லாம் ஒரு சிரட்டையில். ஒரு கோழி சுளகைச் சுற்றி வந்தது. அதைக் கையால் தட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்தாள்.

"முடிஞ்சுது அம்மா," என்று சுளகை நீட்டினாள்.

இராசேஸ்வரி சுளகை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்புப் புகைதான் காரணம் என்பது போலக் கண்ணைத் துடைத்தாள்.

பள்ளிக்கூடத்திலும் அப்படியே. முதற் கிழமையே ஐயாத்துரை மாஸ்டர் வீதியில் சைக்கிளை நிறுத்தி, "என்ன மாயம் செய்தனீங்கள், விதானையார்?" என்று கேட்டார்.

"வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்தனாங்கள்," என்றார் வீரகத்தி.

அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களை ஒரு கையில் எண்ணலாம். அதில் இது ஒன்று. மூளைக்கு மருந்து என்று சொன்னால் விசருக்கு மருந்து என்றுதான் ஊரின் காதில் விழும் என்று நினைத்தார். பேரைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

இன்னொரு பிழையும் விட்டார். அதைப் பிழை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருந்து என்றால் பத்தியம் உண்டு. அவருடைய தகப்பனும் பாட்டனும் எந்த மருந்தையும் பத்தியம் இல்லாமல் தொட்டதில்லை. டொக்டர் பத்தியத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோற்றை வாயால் தின்ன வேண்டும் என்று எவரும் சொல்லித் தருவதில்லையே, அதுபோல இதையும் சொல்லத் தேவையில்லை என்று விட்டிருப்பார் என்று வீரகத்தி எண்ணினார். தாமே வகுத்தார். மீன் இல்லை, முட்டை இல்லை, புளி இல்லை, எண்ணெய் இல்லை. உப்புக் குறைத்த கஞ்சி, அவித்த பயறு. பிள்ளையும் முரண்டு பிடிக்கவில்லை. மத்தியானத்தில் அவளுக்குப் பசியே இருக்கவில்லை.

ஆறு கிழமையில் சட்டை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. கிணற்றடியில் பிள்ளையைக் கண்ட விமலேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, இதென்ன கோலம்! பூச்சி மருந்து குடிச்சால் பிள்ளை கொழுக்க வேணுமெல்லோ?"

அன்று பின்னேரமே கதை கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வந்துவிட்டது. துள்ளித் திரிந்த பிள்ளை சும்மா இருக்கிறது. சோறு தின்னுவதில்லை. எலும்பும் தோலும். அபின் தின்றவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். விதானையார் பேருக்குப் பயந்து பெற்ற பிள்ளையை அபினில் இருத்தி வைத்திருக்கிறார். இரண்டு நாளில் அது தண்ணீரூற்று என்ற ஊர் வரைக்கும் போய், அங்கே இருந்த இராசேஸ்வரியின் தமையன் அழுதுகொண்டு பஸ் ஏறி வந்தார்.

வீரகத்தி அன்றைக்கே போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆவணி விடுதலைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

மூன்றாம் நாள், அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருக்கக் கமலாசனி பக்கத்தில் வந்து நின்றாள். நின்றாள் என்பது முழு உண்மையில்லை. ஒரு காலில் துள்ளிக்கொண்டும், வைக்கோல் தும்பை உருவிக்கொண்டும், மாட்டின் காதுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

"ஐயா, என்ரை குளிசை எங்கை?"

"உனக்கு அது கூடாது பிள்ளை. மெலிஞ்சு போனாய்."

"நேத்தும் மாஸ்டர் வெளியிலை விட்டிட்டார்."

"ம்."

"ஐயா, குளிசை போட்டால் மாஸ்டர் சொல்லுறது கடைசி மட்டும் கேக்கும். போடாட்டில் முதல் சொல்லு மட்டும்தான். பிறகு எல்லாம் சேந்து கத்தும். காகம், மேசை, மற்றப் பிள்ளையளின்ரை பென்சில், எல்லாம்." கையிலிருந்த தும்பைப் பிய்த்தாள். "நான் வேணுமெண்டு ஓடுறேல்லை, ஐயா. எல்லாரும் வேணுமெண்டு எண்டு நினைக்கினம். நீங்களும்."

வீரகத்தி வைக்கோல் கட்டைக் கீழே போட்டார். அந்தப் பிள்ளையைக் குழப்படிக்காக அடித்த அடிகள் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் தூங்குகிற காவல்காரனுக்குப் பதிலாகத் தண்ணீருக்கு விழுந்த அடி என்று அப்போது பட்டது. மகளின் தலையில் கையை வைத்தார். அதற்கு மேல் காட்டத் தெரிந்த மனிதர் அல்ல.

"சட்டையை மாத்திக்கொண்டு வா. டொக்டரிட்டைப் போவம்."

பிள்ளையைத் தராசில் ஏற்றியதும் டொக்டரின் முகம் மாறியது. "இவ்வளவு இறங்கக் கூடாது. பசியை இந்த மருந்து கட்டும்தான், ஆனால் இந்தளவுக்கில்லை. என்ன சாப்பிடக் குடுக்கிறியள்?"

வீரகத்தி பத்தியத்தை வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல டொக்டரின் புருவம் மேலே போனது.

"ஆர் ஐயா உங்களுக்குப் பத்தியம் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மருந்தெண்டால் இருக்குந்தானே."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "என்ரை பிழை. என்ரை அப்புவும் நாட்டு மருந்து குடிச்சால் மூண்டு நாளைக்கு மீன் தொடார். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும், கேட்டிருக்க வேணும்." பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினார். "இஞ்சை பார் கமலா. காலமை குளிசைக்கு முன்னம் வயிறு நிறையச் சாப்பிட வேணும். மத்தியானம் பசிக்காது, பரவாயில்லை, ஏலுமானதைத் தின். பின்னேரம் குளிசை இறங்கினாப் பிறகு பசிக்கும், அப்ப வெளுத்து வாங்க வேணும். மீன், முட்டை, உளுத்தங்களி, நல்லெண்ணெய், எல்லாம்."

"மீனுமோ?" என்றாள் கமலாசனி.

"என்னட்டை வந்து மீன் வேண்டாமெண்டு சொல்லிப் பாரன்."

புறப்படும்போது வீரகத்தி தயங்கினார். அபின் கதையைச் சொன்னார், தான் சொன்ன பூச்சி மருந்துப் பொய்யையும் சொன்னார்.

"கண்ணாடி போடுற பிள்ளையின்ரை கண்ணாடியை ஒளிப்பியளோ, ஐயா?" என்றார் டொக்டர். "ஒண்டு மட்டும் நினைவிலை வையுங்கோ. குளிசை பாடம் படிப்பிக்காது. காவல்காரனை எழுப்பும், அவ்வளவுதான். தண்ணியை எந்தப் பக்கம் விடுறது எண்டது நீங்களும் மாஸ்டரும் பொறுமையாய்ச் சொல்லிக் குடுக்க வேண்டியது. ஒரு நாளைக்கு அவன் தானாய் முழிச்சிருக்கப் பழகினால் குளிசையை நிப்பாட்டுவம்."

குளிசை திரும்பத் தொடங்கியது. சோறும் மீனும் தொடங்கின. ஆவணி விடுதலைக்கு முதல் நாள் ஐயாத்துரை மாஸ்டர் இடாப்பை மூடிக்கொண்டு, பேர் இருக்கட்டும் என்றார். வீரகத்தி நன்றி சொல்லவில்லை. "மாஸ்டர், அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பொய்," என்று தொடங்கி, எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொல்லி முடித்தார்.

புரட்டாதியில், மாரிக்கால விதைப்பான காலபோகத்துக்கான கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. இந்த முறை காணிக்காரர் அத்தனை பேரும் இருந்தார்கள். தண்ணீர் முறை, வாய்க்கால் துப்புரவு எல்லாம் பேசி முடிந்த பின், வேறு விடயம் ஏதும் உண்டோ என்று மாஸ்டர் கேட்டார்.

"ஒண்டு உண்டு," என்று அப்புத்துரை வாங்கில் இருந்தபடியே சொன்னார். "வாய்க்கால் கதவுக்குப் பூட்டுப் போடுறதோ, பிள்ளையளுக்கு அபின் குடுக்கிறதோ, எது மலிவு எண்டு விதானையாரைக் கேட்டுச் சொன்னால் நல்லது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வீரகத்தி எழுந்தார். சால்வை முடிச்சை அவிழ்த்துச் சின்னப் போத்தலை மாஸ்டரின் மேசையில் வைத்தார்.

"இதுதான் அது. என்ரை பிள்ளைக்கு மூளையிலை ஒரு சாறு போதாது. அதுக்கு இது மருந்து. கிளிநொச்சி டொக்டர் தந்தது. பூச்சி மருந்து எண்டு நான் சொன்னது பொய். அது என்ரை குற்றம், பிள்ளையின்ரை இல்லை." அப்புத்துரையின் பக்கம் திரும்பினார். "அபின் திண்டவன் என்ன செய்வான், அப்புத்துரை?"

"என்ன செய்யிறது, விழுந்து கிடப்பான்."

"ஆனி மாதம் ஒரு நாள் உம்மடை பக்கத்து வரம்பை ஒருத்தன் விடியத் துவங்கி மத்தியானத்துக்குள்ளை கட்டி முடிச்சான். நீர் வாயைப் பிளந்துகொண்டு பாத்தனீர். ஆர் அவன்?"

அப்புத்துரை கழுத்தைத் தடவினார். "நீங்கள்தான்."

"இதிலை மூண்டு விழுங்கிப்போட்டுத்தான் கட்டினனான். என்னோடை முக்கால் மணித்தியாலம் நிண்டு கஷ்டப்பட்டவர் அங்கை இருக்கிறார்."

"ஓம், ஓம்," என்றார் ஓவசியர் பரமலிங்கம் அவசரமாக. "அந்த மனுசன் நித்திரை கொள்ள மருந்து சாப்பிட்டதெண்டால் நான் நம்பமாட்டன்."

இப்போது மண்டபம் முழுவதும் சிரித்தது. அப்புத்துரையும் கடைசியில் சிரித்தார். "வரம்பு நல்லாய்த்தான் நிக்குது," என்றார். "இன்னொருக்கால் விழுங்கிறதெண்டால் சொல்லியனுப்புங்கோ, அண்ணை. தெற்குப் பக்கம் இன்னும் கிடக்கு."

"ஒரு மனுசனுக்கு ஒருக்கால் போதும்," என்றார் வீரகத்தி. போத்தலை எடுத்துத் திரும்பவும் சால்வையில் முடிந்துகொண்டார்.

கமலாசனி அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்து படித்தாள். ஆட்டு மணி கேட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மீண்டும் கணக்குக்கு வருவாள்.

விதானையார் தன் மகளை அபின் கொடுத்து இருத்தினார் என்று வட்டக்கச்சியில் இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது பிழை. கொடுத்தது அபின் அல்ல, தூக்க மருந்தும் அல்ல, விழிப்பு மருந்து. நாளுக்கு ஒரு முறை, காலைச் சாப்பாட்டுக்குப் பின், அரைக் குளிசை. பதினாறு மாதம் கொடுத்து டொக்டர் சொன்னபடி நிறுத்தினார்கள்.